ஆயிரத்துக்குள் ஒரு துவர்ப்பு

'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழைந்து ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். இந்தியாவின் பல ஊர்களில் இதுதான் நிலைமை. அலமாரி முழுக்க விஸ்கியும் ரம்மும் பிராந்தியும் அணிவகுத்து நிற்கும். பலகையில் பேர் போட்ட சரக்கு மட்டும் எங்கோ ஒரு மூலையில், தூசி படிந்து, வாசல் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பழைய பேர் போகவில்லை. குவார்ட்டர் வாங்கப் போகிறவர் இன்றைக்கும் 'ஒயின் ஷாப்புக்கு' போவதாகத்தான் சொல்கிறார். ஒயின் எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்பது நியாயமில்லை.

புனேயில் நிலைமை கொஞ்சம் தேவலை. காரணம், பூகோளம். நாசிக் செல்லும் சாலையில் உள்ள நாராயண்காவில்தான் 1980களில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து நுரைக்கும் ஒயின் தயாரித்தார். அதற்கு 'ஓமர் கய்யாம்' என்று பேர் வைத்து வெளிநாட்டுக்கே அனுப்பினார். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000இல் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து உள்ளூர் ஒயினுக்கு வரிச் சலுகை கொடுத்தது. அதே சமயம், வெளிநாட்டிலிருந்து வரும் பாட்டிலுக்கு நீண்ட காலம் 150 சதவீத சுங்க வரி. பிரான்சில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண ஒயின்கூட இங்கே வந்து இறங்கும்போது ஜமீன்தார் ஆகிவிடும். ஆக, மாதச் சம்பளக்காரர் பாக்கெட்டுக்கு அடங்கும் ஒயின் என்றால் அது பெரும்பாலும் நாசிக் ஒயின்தான். கூடவே, பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பக்கம் விளைகிற திராட்சையின் ஒயினும் கொஞ்சம்.

இந்தப் பாக்கெட் கணக்கில் பிறந்ததுதான் கோத்ரூடில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் மாதம் ஒருமுறை நடக்கும் ஜமா. இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஏழு மணி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திண்டுக்கல்காரர், உத்தியோகம் புனேயில் கொண்டுவந்து சேர்த்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மராத்திக்காரரான வேதியியல் பேராசிரியரும் அவர் மனைவியும் எதிர் ஃபிளாட். ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மலையாளி நர்ஸ் கீழ்த்தளம். எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'. ஐந்தாவது ஆள் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் சேலத்து எஞ்சினியர், வயது முப்பத்தைந்துக்குள், தனி ஆள். ஆறாவது, வங்கி அதிகாரியின் மனைவி. மராத்தி வழக்கப்படி எல்லாரும் அவரை 'வஹினி' என்கிறார்கள். அண்ணி என்று அர்த்தம். எஞ்சினியர் மட்டும் 'அக்கா' என்று கூப்பிட்டார்.

வஹினி குடிப்பதில்லை. அவருக்கு ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவர். அந்த ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உண்மைப் பேர் மஸ்கட் ஹாம்பர்க், ஐரோப்பிய ரகம், ஒயின் தயாரிக்கவும் ஆகும். ஆனால் வஹினியின் வீட்டில் திராட்சை ஒயினாகவில்லை, சாராயமாகிவிட்டது. அதாவது, திராட்சை விற்ற காசு அப்பாவின் சாராயத்துக்குப் போயிற்று. பிறகு பந்தலே போயிற்று, பிறகு இரண்டு மாடு, கடைசியில் அம்மாவின் தோடு. அப்பா ஐம்பது வயதைத் தாண்டவில்லை. இப்படிப்பட்டவரிடம் போய் கணவர் "வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒயின் ருசி பார்க்கலாம் என்றிருக்கிறோம்" என்று சொன்னபோது மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் ஒரு தாளில் நிபந்தனைகள் வந்தன.

ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றில் யாரும் குடிக்கக் கூடாது. வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கிளாஸ் கிடையாது. ஒன்பது மணிக்குச் சாப்பாடு, அத்தோடு பாட்டிலை மூட வேண்டும். கடைசி நிபந்தனைதான் விசேஷம்: தானும் கூடவே உட்கார்ந்திருப்பார். சமையலறைக்குள் அனுப்பிவிட்டு ஆண்கள் கூடத்தில் உட்காரும் பழைய ஏற்பாடு நடக்காது. வங்கிக்காரர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குடிப்பவர் கையில் பெர்மிட் இருக்க வேண்டும். பெரும்பாலோர் மறந்துவிட்ட இந்தச் சட்டத்தை அவர் மறக்கவில்லை. எல்லாரையும் பெர்மிட் எடுக்க வைத்தார்.

முதல் இரண்டு மாதம் ஜமா உப்புச்சப்பில்லாமல் போயிற்று. காரணம், லேபிள். பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் பேராசிரியர் ஏதோ படித்ததை ஒப்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விலை அதிகமான பாட்டில் எப்போதும் ஜெயித்தது. மூன்றாவது மாதம் வஹினி பழைய மராத்தி தினசரித் தாளை எடுத்து நான்கு பாட்டிலையும் கழுத்து வரை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எது எந்தப் பாட்டில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு விலை குறைந்த ஷெனின் பிளாங்க் முதலிடம் பிடித்தது. பேராசிரியரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, நிபந்தனைக்கு அப்பாற்பட்ட சிறப்பு விருந்தாளி கடைசி. காகிதத்தைப் பிரித்தபோது பேராசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. பெரிய பெரிய நாக்குகளெல்லாம் இந்தக் காகிதத்தின் முன் சறுக்கியிருக்கின்றன. 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் லேபிளைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டார்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியா முதலிடம் பெற்றது. 2001இல் போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே அதற்கும் சொன்னார்கள். 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று: ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 என்று கேட்டவர்களின் மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி அதிகமாக விழித்துக்கொண்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை நிஜமாகவே ருசித்தது. அதே ஆண்டு வேறொரு குழு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காகிதம் சுற்றிய சோதனைகளைக் கணக்கெடுத்தது. பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களுக்கு விலை உயர்ந்த ஒயின் சற்றுக் குறைவாகவே பிடிக்கிறது என்று அதில் தெரிந்தது. சாதாரண ஆட்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

வஹினிக்கு இந்த ஆய்வுகள் தெரியாது. ஆனால் ஒருமுறை அவரும் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரே ரக பாட்டில் இரண்டை வாங்கி இரண்டு என்றும் நான்கு என்றும் எண் போட்டுவிட்டார். வங்கிக்காரர் இரண்டாம் எண்ணுக்குப் பத்தில் எட்டும் நான்காம் எண்ணுக்கு ஐந்தும் கொடுத்து, நான்கில் "ஆழம் இல்லை" என்று குறிப்பும் எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அவருக்கும் துணை உண்டு. கலிபோர்னியாவின் மாநிலப் போட்டி நடுவர்களுக்கே ஒரே ஒயினை மூன்று முறை கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர். பத்தில் ஒருவர்தான் ஏறத்தாழ ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார்.

அப்படியானால் ருசி என்பதே பிரமையா? இல்லை. இங்கேதான் வஹினியின் மூக்கு கதைக்குள் வருகிறது.

முதலில் அவர் கிளாஸைத் தொடவே இல்லை. ஒரு மாதம், மற்றவர்கள் முதலாம் எண்ணில் என்ன வாசனை என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த கிளாஸை எடுத்து முகர்ந்து, "குடமிளகாயை இப்பத்தான் நறுக்குன மாதிரி இருக்கு" என்றார். காகிதத்தைப் பிரித்தால் சாவிஞோன் பிளாங்க். பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பச்சைக் குடமிளகாய்க்கு அந்த வாசனையைக் கொடுப்பது பைரஸீன் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம். சாவிஞோன் திராட்சையில் இருப்பதும் அந்த வகைதான். இன்னொரு முறை ஒரு சிவப்பை முகர்ந்து "ரசப்பொடி" என்றார். பிறகு திருத்திக்கொண்டு "மிளகு மட்டும்" என்றார். அது ஷிராஸ். ஷிராஸின் மிளகு வாசனை வெறும் கவிதை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ரோட்டன்டோன் என்ற மூலக்கூறுதான் அதற்குக் காரணம், மிளகிலும் அதேதான் இருக்கிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு ஒரு ரீஸ்லிங். அதை முகர்ந்துவிட்டு வஹினி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் "எங்க ஊரு பன்னீர்" என்றார். அதுவும் சரிதான். மஸ்கட் ரகத்துக்கு ரோஜா வாசனையைக் கொடுக்கும் வேதிப்பொருள் குடும்பம் ரீஸ்லிங்கிலும் கொஞ்சம் உண்டு. அன்றைக்கு அவர் அந்தக் கிளாஸை யாருக்கும் கொடுக்கவில்லை. குடிக்கவும் இல்லை. ராத்திரி சாப்பாடு முடியும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ஒயின் ருசியில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தால் மிஞ்சுவது புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, தொண்டையில் கொஞ்சம் சூடு. அவ்வளவுதான். ஆகவே குடிக்காத ஒருவர் சிறந்த ருசியாளராக இருப்பதில் வினோதம் ஒன்றும் இல்லை. தொழில்முறை ருசியாளர்களே வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள். இதை சிஸ்டர் எடுத்துச் சொன்ன பிறகு வஹினியும் ஒருநாள் வாஷ் பேசின் பக்கத்தில் நின்று ஒரு வாய் கேபர்னே சாவிஞோனைக் கொப்புளித்துத் துப்பினார். "வாழைக்காய் பிஞ்சைக் கடிச்ச மாதிரி நாக்கு ஒட்டுது" என்றார்.

ஆங்கிலத்தில் ஒயின் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டானின் என்பதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர்களுடைய அன்றாடப் பேச்சில் அந்த உணர்ச்சிக்கு நேரடியான சொல் இல்லை. தமிழில் அறுசுவையில் ஒன்றாகவே அதை உட்காரவைத்துவிட்டார்கள். வாழைப்பூ, அத்திக்காய், நாவல் பழம், கொட்டைப்பாக்கு, அடிவண்டல் தேநீர். உமிழ்நீரிலுள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் நாக்கு வழுக்காமல் சொரசொரக்கிறது. அதுதான் துவர்ப்பு. ஒயினை வர்ணிக்க பிளாக்கரண்ட்டும் கூஸ்பெரியும் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கலிபோர்னியாவில் ஆன் நோபிள் 1984இல் வாசனைகளை வட்டமாக அடுக்கி ஒரு சக்கரமே வரைந்தார். நல்ல சக்கரம்தான், ஆனால் அதில் உள்ள பழங்களில் பாதி கோத்ரூட் காய்கறிக் கடைக்கு வந்ததே இல்லை. இந்த ஜமாவில் இப்போது கொய்யா, சுக்கு, ஈரச் சாக்கு, நாவல் பழம், புது ரெக்ஸின் பை என்று எழுதுகிறார்கள். எல்லாருக்கும் புரிகிறது.

காரத்தோடு ஒயின் சேராது என்பது பாதி உண்மை. டானின் மிகுந்த சிவப்பு ஒயினைக் காரமான சுக்காவோடு குடித்தால் வாயில் தீ வைத்த மாதிரிதான். ஆனால் லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங்க்கும் புனேயின் பாகர்வடியும் அண்ணன் தம்பி. ஷிராஸுக்கு மசால்வடை போதும். தயிர்ச்சாதத்துக்கு எதுவுமே சரிப்படவில்லை, முயற்சி கைவிடப்பட்டது.

இன்னொரு சங்கதி, சூடு. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். புத்தகம் எழுதியவரின் அறை 16, 18 டிகிரி. புனேயில் ஏப்ரல் மாத அறை அதைப்போல் இரு மடங்கு. சிவப்பையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால்தான் சாராய நெடி அடங்கி பழம் தெரிகிறது. வெள்ளைக்கு இன்னும் அதிக நேரம். ஆயிரத்துக்குள் கிடைக்கும் ஒயின் எதுவும் பரணில் போட்டுப் பாதுகாக்க அல்ல. லேபிளில் ஆண்டைப் பார்த்து புதிதாக வாங்கி, சீக்கிரம் குடித்துவிட வேண்டியவை. திருகு மூடி மட்டமான சரக்கின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்க் கெட்டுப்போனால் வரும் ஈர அட்டை நாற்றம் திருகு மூடியில் வராது, திறப்பதற்குக் கருவியும் வேண்டாம்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த ஜமாவில் யாரும் கவனிக்காத ஒன்று இருந்தது. மிச்சம்.

கணக்கு எளிது. ஒரு பாட்டில் 750 மில்லி. ஆறு கிளாஸில் தலைக்கு 50 மில்லி ஊற்றினால் 300 போகும். ருசி பார்க்க அது தாராளம். 450 நிற்கும். நான்கு பாட்டிலுக்கு 1,800 மில்லி. மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு காற்றுப் பட்டுப் பட்டு ருசி இறங்கிவிடும். முதல் மாதங்களில் மிச்சத்தை எஞ்சினியர் எடுத்துக்கொண்டு போனார். "வீணாப் போகுதே" என்பார். எல்லாருக்கும் அது நியாயமாகப்பட்டது. தனி ஆள், சின்ன வயது, பொருளை வீணடிக்கக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர். ஆட்டோவில் வந்து ஆட்டோவில் போகிறவர். நிபந்தனை எதையும் மீறவில்லை.

வஹினிக்குத்தான் முதலில் காதில் பட்டது. கண்ணில் இல்லை, காதில். மற்றவர்கள் ஊற்றும்போது வரும் சத்தம் ஒரு மாதிரி, எஞ்சினியர் ஊற்றும்போது வரும் சத்தம் வேறு மாதிரி. நீளமாக இருந்தது. அவர் முகர்வதை நிறுத்திவிட்டிருந்தார். மதிப்பெண் தாளில் எல்லாவற்றுக்கும் ஏழு போட்டார். ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஆறரைக்கே வந்தார். ஒன்பது மணிக்குப் பாட்டிலை மூடும்போது அவர் கண் மூடியின் மேலேயே இருந்தது. இந்த அடையாளங்களெல்லாம் வஹினிக்குப் பாலபாடம், பத்து வயதில் படித்தது.

கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஒயின்தானே" என்றார். இந்த 'தானே'தான் பெரிய சிக்கல். ஒயின் என்றால் குடி இல்லை, பழரசத்துக்கும் பிராந்திக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று படித்தவர்களிடையே ஒரு நினைப்பு. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி உலகம் பூராவும் பரப்பிவிட்டது. அந்த நம்பிக்கை முப்பது ஆண்டுகளாக வங்கிக்காரரைப் போன்றவர்களுக்குக் கைகொடுத்து வந்தது. சிஸ்டர் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அபாயம் முதல் துளியிலேயே தொடங்குகிறது. "குறைச்சா குறைச்சல் அபாயம், அவ்வளவுதான் சார். மருந்துன்னு சொல்லிக் குடிக்காதீங்க" என்றார்.

பேராசிரியர் காகித ஓரத்தில் கணக்குப் போட்டார். 13 சதவீத ஒயின், 750 மில்லி: சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 97 மில்லி. 42.8 சதவீத பிராந்தி, 180 மில்லி குவார்ட்டர்: 77 மில்லி. அதாவது, ஒரு முழு பாட்டில் ஒயின், ஒரு குவார்ட்டரைவிடக் கனமானது. மிச்சமான 1,800 மில்லியில் 234 மில்லி ஆல்கஹால். மூன்று குவார்ட்டர். ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் ஐந்து மரியாதைப்பட்ட மனிதர்கள் ஒரு சின்னப் பையன் கையில் மூன்று குவார்ட்டரைக் கொடுத்து, 'பத்திரமாகப் போ' என்று வழியனுப்பியிருக்கிறார்கள். கணக்கைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்த மாதம் வழக்கம்போல எஞ்சினியர் பையைத் திறந்தபோது வஹினி தடுத்தார். எல்லார் முன்னாலும் இல்லை, வாசலில், செருப்பு மாட்டும் இடத்தில். "தம்பி, மிச்சம் சோறுன்னா நானே உனக்கு டப்பாவுல கட்டிக் குடுப்பேன். இது வேணாம்ப்பா." அவர் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். தன்னைக் குடிகாரன் என்கிறார்களா என்று கேட்டார். வஹினி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை, எங்க அப்பாவும் முதலில் இதைத்தான் கேட்டார் என்று மட்டும் சொன்னார். அது சொல்லியிருக்கக் கூடாத வாக்கியமா, சொல்லியே ஆகவேண்டியதா என்பதில் ஜமாவுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. பேராசிரியரின் மனைவி, சொல்லியிருக்கக் கூடாது என்ற கட்சி. அந்த மாதமும் அதற்கடுத்த மூன்று மாதங்களும் எஞ்சினியர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஜமாவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. வஹினியே வேண்டாம் என்றார். பதிலாக அளவு மாறியது. நாசிக் தயாரிப்பாளர்கள் சில ரகங்களை 375 மில்லி அரை பாட்டிலிலும் விற்கிறார்கள். ஐந்து கிளாஸ், தலைக்கு 75 மில்லி, மிச்சம் பூஜ்யம். மூன்று அரை பாட்டிலோடு மாலை முடிகிறது. வஹினி தன் பங்கை முகர்ந்துவிட்டு வாஷ் பேசினில் கொட்டிவிடுகிறார். இதில் நஷ்டமும் இருக்கிறது. எல்லா ரகமும் அரை பாட்டிலில் வருவதில்லை. அரை பாட்டில் பாதி விலைக்கும் கிடைப்பதில்லை. பேராசிரியர் மாதாமாதம் இதைப் பற்றி முணுமுணுக்கிறார். போன குளிர்காலத்தில் பிரமாதம் என்று அவர் தேடிவைத்திருந்த ஒரு டெம்ப்ரானியோ முழு பாட்டிலில் மட்டுமே இருந்ததால் கடையிலேயே தங்கிவிட்டது.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஐவரும் காரில் நாசிக் போனார்கள். ஐரோப்பாவில் அறுவடை இலையுதிர் காலத்தில். இங்கே பனி விலகும் ஜனவரி முதல் மார்ச் வரை. குளிர்காலத் தூக்கம் இல்லாத கொடி என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து அறுவடையைக் குளிர் மாதங்களுக்குத் தள்ளுகிறார்கள். வரிசை வரிசையாகக் கம்பியில் ஏற்றிய கொடிகளைப் பார்த்து வஹினிக்குத் திருப்தி இல்லை. கம்பத்தில் தலைக்கு மேலே பந்தல், நிமிர்ந்துதான் பழத்தைப் பார்க்க வேண்டும். இங்கே குனிய வேண்டியிருக்கிறது. ஒயின் திராட்சையைப் பறித்து வாயில் போட்டுப் பார்த்தார். சின்னப் பழம், தடித்த தோல், கொட்டை அதிகம், இனிப்பும் புளிப்பும் இரண்டுமே தூக்கல். "தின்ன லாயக்கில்லை" என்பது அவர் தீர்ப்பு.

எஞ்சினியர் ஐந்தாவது மாதம் போனை எடுத்தார். பம்பாய்க்கு மாற்றல் கேட்டிருந்ததாகவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். சிஸ்டர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. இரண்டாவது சனிக்கிழமை அவர் வருவதில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேதாள் டேக்டி குன்றின் மேல் வங்கிக்காரரோடும் பேராசிரியரோடும் நடக்கிறார். இறங்கி வந்ததும் மூன்றாவது மாடிக்கு ஏறி ஒரு காபி. கிளம்பும்போது கையில் டப்பா இருக்கிறது. பெரும்பாலும் புளியோதரை, சில வாரம் எலுமிச்சை சாதம். காலி டப்பாவை அடுத்த ஞாயிறு கழுவிக் கொண்டுவர வேண்டும் என்பது வஹினியின் நிபந்தனை. இரண்டு முறை மறந்துவிட்டார், இதற்குள் மூன்று டப்பா அவரிடம் சேர்ந்துவிட்டது.